வாயிற்காவலன் வணிகனானால்...

சென்ற திங்கள் நம் மன்றத்தின் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அப்போது முதலாண்டு நண்பர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்: “அண்ணா, கடை அவர்களுடையது. எதை வைப்பது, எதை எடுப்பது என்பது அவர்கள் விருப்பம். பிடிக்காதவர் போகவேண்டாம். இதில் நாம் குறை சொல்ல என்ன இருக்கிறது?”

கேள்வி நேர்மையானது, எளிதில் தள்ளிவிடக்கூடியதும் அன்று. நான் விடை சொல்லத் தொடங்கினேன். ஆனால் மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. உணவுக்கூடம் மூடிவிட்டால் அவரும் பட்டினி, நானும் பட்டினி. பாதியில் எழுந்து ஓடினோம். அன்று சொல்லாமல் விட்ட மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு எழுந்ததற்கு எங்கள் சொந்த அனுபவம் ஒன்றே காரணம். நம்மில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் அறிவியலைத் தமிழில் பயின்றவர்கள். உந்தம் என்றால் நமக்குத் தெரியும். முடுக்கம் என்றால் தெரியும். விளிம்பு விளைவு என்றாலும் தெரியும். இங்கே வகுப்பில் அவற்றை ஆங்கிலத்தில் கேட்கும்போது, பொருள் தெரிந்தும் சொல் தெரியாமல் விழிக்கிறோம். முதலாண்டில் நான் அப்படி விழித்த நாட்கள் பல. ஆகவே நானும் என் அறைத்தோழர் இருவரும் சேர்ந்து, ஏறத்தாழ 1,200 கலைச்சொற்களைத் திரட்டி, கைப்பேசியில் பார்க்கத்தக்க சிறு செயலி ஒன்று செய்தோம். அதற்கு விலை இல்லை. அதில் விளம்பரமும் இல்லை. தமிழ்வழி வந்த புது மாணவர்கள் அதைப் பயன்படுத்தியது கண்டு எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

ஒருநாள் காலை, பருவத்தேர்வுக்கு நான்கு நாட்கள் இருக்கையில், அந்தச் செயலி கடையில் இல்லை. முன்பே இறக்கிக்கொண்டவர்களின் கைப்பேசியில் அது இருந்தது. புதிதாக வேண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. “விதிகளுக்கு மாறானது” என்று ஒரு மடல் வந்திருந்தது. எந்தச் சொல், எந்தப் பக்கம், எவ்வாறு மாறானது என்று அதில் இல்லை. நாங்கள் எழுதினோம். உடனே ஒரு விடை வந்தது. அது முதல் மடலின் படியே. மீண்டும் எழுதினோம், மீண்டும் அதே படி. பதினோராம் நாள் செயலி தானாகவே கடைக்குத் திரும்பிவிட்டது. ஏன் போயிற்று, ஏன் வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

எந்தக் கடை என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு நிறுவனத்தின்மீது பழி கூறுவது என் நோக்கமன்று. எங்களுக்கு இழப்பு பெரிதுமன்று. நாங்கள் பிழைப்பு நடத்துபவர்கள் அல்லேம். ஆனால் பிழைப்பே அதுவாக உள்ளவருக்கு அந்தப் பதினோரு நாள் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம்தான் என்னை இதைப்பற்றிப் படிக்கத் தூண்டியது.

கடை பிறந்த கதை

கணினி ஒன்றை வாங்கினால், அதற்கு வேண்டிய மென்பொருளை யாரிடமிருந்தும் பெறலாம் என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. கணினி செய்தவர், “என் வழியாகத்தான் வாங்கவேண்டும்” என்று பொதுவாகச் சொன்னதில்லை. கைப்பேசியில் அந்த வழக்கம் மாறியது. ஆப்பிள் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் ஐபோனை வெளியிட்டது. 2008 ஜூலையில் அதற்கென ஆப் ஸ்டோர் என்னும் கடையைத் திறந்தது. முதல் நாளில் அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள். அவ்வாண்டிலேயே கூகிளும் தன் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கடை திறந்தது. 2012-இல் அதற்குப் பிளே ஸ்டோர் என்று பெயர் வந்தது.

உலகெங்கும் உள்ள ஒருவர், தம் அறையில் உட்கார்ந்து எழுதிய மென்பொருளை ஒரே நாளில் பல நாட்டவர்க்கும் விற்க முடிந்தது. இதற்குமுன் அது இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எங்களைப்போன்ற மாணவர் மூவர் ஒரு செயலி செய்து மக்களிடம் சேர்க்க முடிந்ததே அந்தக் கடைகளால்தான்.

அந்த வசதிக்கு விலையும் வைத்தார்கள். செயலி விற்றால் நூற்றுக்கு முப்பது கடைக்காரருக்கு. பின்னர், செயலியின் உள்ளே விற்கும் பொருளுக்கும் அதே விகிதம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அன்று. செயலி வழியாகச் சேலை வாங்கினாலும், சோறு வரவழைத்தாலும், வாடகை வண்டி அழைத்தாலும் கடைக்காரருக்குப் பங்கு இல்லை. செயலிக்குள்ளேயே நுகரும் மின்பொருள்களுக்கு, அதாவது பாட்டு, பாடம், மின்னூல், விளையாட்டு, சந்தா போன்றவற்றிற்குத்தான் பங்கு. அச்சிட்ட நூலை நூறு ரூபாய்க்கு விற்பவர் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. அதே நூலை மின்னூலாக விற்பவர் முப்பது ரூபாய் கொடுக்கவேண்டியிருந்தது. அது மட்டுமன்று, அந்தப் பணத்தைக் கடைக்காரரின் கல்லா வழியாகவே வாங்கவேண்டும் என்பதும் விதியாக இருந்தது.

எதிர்ப்பு வலுத்தபின் 2021-இல் இரு நிறுவனங்களும் சிறு விற்பனையாளருக்கு விகிதத்தைப் பதினைந்தாகக் குறைத்தன. அதன்பின் நாட்டுக்கு நாடு விதிகளும் விகிதங்களும் மாறிவருகின்றன. ஆனால் முப்பதா, பதினைந்தா என்பது மட்டுமே கேள்வி என்று நினைத்தால் நாம் வழி தவறிவிடுவோம். ஏன் என்பதை விளக்க எங்கள் ஊர்ச் சந்தைக்குச் சற்றுப் போய்வர வேண்டும்.

பாட்டியின் சுங்கச்சீட்டு

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு அருகில் உள்ளது. வாரச்சந்தையை ஊராட்சி ஆண்டுதோறும் ஏலம் விடும். ஏலம் எடுத்த குத்தகைதாரர், ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம் தண்டுவார். என் பாட்டி அங்கே கருப்பட்டி விற்றவர். சுங்கச்சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். சுங்கம் கொடுப்பதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சந்தையில் கூரை உண்டு; தண்ணீர் உண்டு; கூட்டம் உண்டு. அதற்குக் கூலி கொடுப்பது முறைதானே?

ஆனால் அந்தச் சுங்கத்திற்கு மூன்று காப்புகள் இருந்தன. முதலாவது, விகிதத்தைக் குத்தகைதாரர் தம் விருப்பப்படி வைக்க முடியாது. ஊராட்சி வைத்து, வாயிலில் பலகையில் எழுதியிருக்கும். இரண்டாவது, மிகுதியாகக் கேட்டாலோ கூடையைத் தூக்கி வெளியே வைத்தாலோ, முறையிட ஓர் ஆள் இருந்தார். மூன்றாவது, எதுவும் நடக்காவிட்டால், அடுத்த ஊர்ச் சந்தை வியாழக்கிழமை கூடும். பாட்டி அங்கே போய்விடுவார். இந்த மூன்றாவது காப்பு இருந்ததால்தான் முதல் இரண்டுக்கும் வேலை அதிகம் இருக்கவில்லை.

இனிக் கைப்பேசிச் சந்தையை இந்த மூன்றையும் கொண்டு அளந்து பார்ப்போம்.

அடுத்த சந்தை உண்டா? ஐபோனில் நெடுங்காலம் இல்லவே இல்லை. ஆப்பிளின் கடை ஒன்றே வழி. ஆண்ட்ராய்டில் வேறு கடைகளுக்குத் தடை இல்லை. வெளியிலிருந்தும் செயலியை ஏற்றலாம். ஆனால் “இது ஆபத்தானது” என்னும் எச்சரிக்கைகளைத் தாண்டிச் செல்லும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? கைப்பேசி வாங்கும்போதே பிளே ஸ்டோர் அதில் குடியிருக்கிறது. வாங்குவோர் எங்கே இருக்கிறார்களோ அங்கே விற்போர் போகிறார்கள். விற்போர் எங்கே இருக்கிறார்களோ அங்கே வாங்குவோர் வருகிறார்கள். ஈர்ப்பு விசையைப்போல் இது பெரியதை மேலும் பெரியதாக்குகிறது. நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட திறன்பேசிகள் ஆண்ட்ராய்டில் இயங்குபவை. அப்படியிருக்க, “பிடிக்காதவர் போகவேண்டாம்” என்று விற்பவரிடம் சொல்வது, ஊரில் உள்ள ஒரே கிணற்றைக் காட்டி, “பிடிக்காதவர் குடிக்கவேண்டாம்” என்பதற்கு ஒப்பாகும்.

விகிதம் வைப்பவர் யார்? கடைக்குரியவரே. முறையீட்டைக் கேட்பவர் யார்? அவரே. இவற்றிற்கு மேல் இரண்டு விந்தைகளும் உண்டு. ஒன்று, வாய்ப்பூட்டு விதி. “இதே பொருள் எங்கள் இணையதளத்தில் விலை குறைவு” என்று செயலிக்குள் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்று ஆப்பிள் விதித்திருந்தது. சுங்கம் வாங்கியதோடு நில்லாமல், “அடுத்த சந்தை இருப்பதை உன் வாடிக்கையாளரிடம் சொல்லாதே” என்று பாட்டியிடம் குத்தகைதாரர் சொன்னால் எப்படி இருக்கும்!

மற்றொன்று, காவலரே வணிகராதல். ஸ்பாட்டிஃபை என்னும் நிறுவனம் பாட்டுச் சந்தா விற்கிறது. ஆப்பிளும் பாட்டுச் சந்தா விற்கிறது. செயலி வழியாக விற்றால் முன்னவர் பங்கு கொடுக்கவேண்டும். பின்னவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்வார். குத்தகைதாரர் வாயிலருகே தாமே ஒரு கருப்பட்டிக் கடை வைத்தது போன்றது இது. கருப்பட்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பாட்டியின் தராசும் அவர் தராசும் ஒரே தளத்தில் நிற்கவில்லை.

மறுபக்கத்தின் வாதம்

வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அறிவியல் மாணவனுக்கு அழகன்று. கடைக்குரியவர்கள் சொல்வதையும் கேட்போம்.

“வாயிலில் காவல் இல்லாவிட்டால் திருடர் புகுவர்” என்கின்றனர். இது வெறும் சாக்கு அன்று. ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்து, அவர்கள் கைப்பேசியில் உள்ள படங்களையும் எண்களையும் கவர்ந்து, உறவினரிடம் சொல்லி மானத்தை வாங்கிய கடன் செயலிகளை நாம் அறிவோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் மட்டும் 3,500-க்கு மேற்பட்ட கடன் செயலிகள்மீது நடவடிக்கை எடுத்ததாகக் கூகிள் அறிவித்தது. காவல் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

“கடையைக் கட்டியவர் நாங்கள், கருவிகளை உண்டாக்கியவர் நாங்கள், மிகப் பெரும்பாலான செயலிகள் எங்களுக்குப் பங்கே தருவதில்லை” என்றும் சொல்கின்றனர். இதுவும் உண்மையே. இலவசச் செயலி செய்த நாங்களும் அந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தவர்களே.

ஆனால் இந்த வாதங்களால் நிலைநிற்பது எது? காவல் தேவை என்பது நிலைநிற்கிறது. உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதும் நிலைநிற்கிறது. கல்லாவும் அவருடையதாகவே இருக்கவேண்டும் என்பதோ, வாடிக்கையாளரிடம் விலையைச் சொல்லக்கூடாது என்பதோ, காரணம் சொல்லாமல் வெளியேற்றலாம் என்பதோ அவற்றால் நிலைநிற்கவில்லை. திருடனைத் தடுக்கும் கைக்கு விலையை மறைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

உலக மன்றங்களில்

2020 ஆகஸ்டில் எபிக் கேம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் வேண்டுமென்றே விதியை மீறியது. ஃபோர்ட்நைட் என்னும் தன் விளையாட்டில் 9.99 டாலருக்கு விற்றதை, தன்னிடம் நேரே வாங்கினால் 7.99 டாலர் என்று அறிவித்தது. அன்றே ஆப்பிளும் கூகிளும் அந்த விளையாட்டைத் தம் கடைகளிலிருந்து நீக்கின. அன்றே எபிக் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது.

இரு வழக்குகளும் வேறு வேறு முடிவு கண்டன. ஆப்பிள் வழக்கில் நீதிபதி இவான் கொன்சாலஸ் ராஜர்ஸ் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஆப்பிளுக்கே வெற்றி. வாய்ப்பூட்டு விதி மட்டும் செல்லாது என்றார். மேல்முறையீடுகள் முடிந்து 2024 ஜனவரியில் அந்த ஆணை நடைமுறைக்கு வந்தது. ஆப்பிள் வாய்ப்பூட்டை அவிழ்த்தது. ஆனால் வெளியே சென்று வாங்கினாலும் நூற்றுக்கு 27 தரவேண்டும் என்றது! கதவைத் திறந்துவிட்டு வழியெங்கும் முள் பரப்புவது போன்ற செயல் இது. ஆணையை வேண்டுமென்றே மீறியதாக 2025 ஏப்ரலில் அதே நீதிபதி கண்டித்தார். மேல்முறையீடுகள் அதன்பின்னும் தொடர்ந்தன.

கூகிள் வழக்கில் ஜூரிகள் 2023 டிசம்பரில் ஒருமனதாகக் கூகிளின் செயல் சட்டத்திற்கு மாறான ஏகபோகம் என்று முடிவு சொன்னார்கள். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. கதவே இல்லாத சுவர் எழுப்பிய ஆப்பிள் பெரும்பாலும் தப்பியது; கதவு வைத்து அதை இறுக்கிப் பிடித்த கூகிள் அகப்பட்டுக்கொண்டது. சட்டத்தின் விந்தைகளில் இதுவும் ஒன்று.

வழக்கு ஒவ்வொன்றாய் நடத்தி முடிப்பதற்குள் வணிகர் வாடிவிடுவர் என்று கண்ட சில நாடுகள், முன்கூட்டியே சட்டம் செய்தன. கடைக்காரரின் கல்லாவையே பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயத்தைத் தடுத்து உலகில் முதன்முதல் சட்டம் இயற்றியது தென்கொரியா, ஆண்டு 2021. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு புதுச்சட்டம் செய்து, இத்தகைய பெருநிறுவனங்களுக்கு ‘வாயிற்காவலர்’ என்றே பெயரிட்டது. 2024 மார்ச் முதல் அவர்கள் பிற கடைகளுக்கு இடங்கொடுக்கவும் வாய்ப்பூட்டை நீக்கவும் வேண்டும். அதே மாதத்தில் பாட்டுச் சந்தா வழக்கில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. புதுச்சட்டத்தை மீறியதற்காக 2025 ஏப்ரலில் மேலும் 50 கோடி யூரோ. ஜப்பானும் 2024-இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது.

நம் நாட்டில்

நம் நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதில் சென்னைக்கும் பங்கு உண்டு.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரே வாரத்தில் கூகிளுக்கு இரண்டு அபராதங்கள் விதித்தது. கைப்பேசி செய்வோர் பிளே ஸ்டோரை வேண்டினால் கூகிளின் செயலிகள் அனைத்தையும் சேர்த்து ஏற்கவேண்டும் என்று கட்டியதற்காக 1,337.76 கோடி ரூபாய். தன் கல்லாவையே பயன்படுத்தச் சொன்னதற்காக 936.44 கோடி ரூபாய். வேறு கல்லாவுக்கும் கூகிள் இடங்கொடுத்தது. ஆனால் அதற்காகக் குறைத்தது நூற்றுக்கு நான்குதான். முப்பது கொடுத்தவர் இருபத்தாறு கொடுக்கவேண்டியிருந்தது. பணம் வாங்கித் தரும் வேலையை வேறொருவர் செய்தாலும் பங்கு ஏன் இவ்வளவு என்று இந்திய நிறுவனங்கள் கேட்டன.

அவற்றுள் சென்னையில் உள்ள மேட்ரிமோனி நிறுவனமும் ஒன்று. பாரத் மேட்ரிமோனியை நடத்துவது அதுவே. நம் வீடுகளில் அதை அறியாதார் யார்? சென்னை உயர்நீதிமன்றத்தில் பல நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. இது போட்டி ஆணையம் விசாரிக்கவேண்டியது என்று 2023 ஆகஸ்டில் அவை தள்ளப்பட்டன. 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தோற்றது. பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கவில்லை.

2024 மார்ச் முதல் நாள், பங்கு கட்டாத நிறுவனங்களின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து நீக்கியது. பாரத் மேட்ரிமோனி இல்லை. வேலை தேடித்தரும் நௌக்ரி இல்லை. வீடு தேடித்தரும் 99 ஏக்கர்ஸ் இல்லை. விதியின்படி தான் செய்தது சரி என்றது கூகிள். பல ஆண்டு அவகாசம் கொடுத்ததாகவும் சொன்னது. மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன.

இங்கேதான், நண்பர்களே, நாம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்நிறுவனங்கள் பெரியவை, அவர்களுக்காக அமைச்சர் பேசினார். நாங்கள் மூவர், எங்களுக்காக எவர் பேசுவார்? பெரியவருக்கு அமைச்சரும், சிறியவருக்குப் படியெடுத்த மடலும் என்றிருப்பது நீதியாகாது. அமைச்சர் ஒருவர் தொலைபேசியை எடுத்தால்தான் திறக்கும் கதவு, அமைச்சர் மாறினால் மூடிக்கொள்ளும் கதவுமாகும்.

பின்னர் 2025 மார்ச்சில் தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த இரண்டாவது அபராதத்தை 216.69 கோடி ரூபாயாகக் குறைத்தது. ஐரோப்பாவைப்போல் முன்கூட்டியே விதி செய்யும் சட்டத்திற்கு 2024 மார்ச்சில் ஒரு வரைவு வெளியாயிற்று. புதுத்தொழிலை அது நசுக்கும் என்பாரும், அது இன்றேல் புதுத்தொழிலே இராது என்பாருமாக வாதம் எழுந்தது. 2024 பிப்ரவரியில் ஃபோன்பே நிறுவனம் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் ஒரு கடை திறந்தது. அடுத்த சந்தை ஒன்று கூடத் தொடங்கியது என்று கொள்ளலாம். கூட்டம் சேருமா என்பது வேறு.

நண்பருக்கு விடை

“கடை அவர்களுடையது” என்றார் நண்பர். ஆம், அவர்களுடையதே. கடையாக இருக்கும் வரையில் அவர் சொன்னது முழுவதும் சரி. ஆனால் ஊருக்குள் நுழைய அந்தக் கடை வழியாகத்தான் போகவேண்டும் என்றாகிவிட்டால், அது கடையன்று, ஊர்வாயில். வாயிலைக் காப்பவருக்குக் கூலி உண்டு. கூடவே கடமையும் உண்டு. விகிதத்தை வெளிப்படையாகவும் அளவாகவும் வைத்தல் ஒரு கடமை. வேறு வழியை மறைக்காதிருத்தல் ஒரு கடமை. ஒருவரை வெளியே நிறுத்தினால் காரணம் சொல்லி, அவர் முறையீட்டை மனிதர் ஒருவர் கேட்கச் செய்தல் மற்றொரு கடமை. இந்த மூன்றையும் சட்டம் கேட்கவேண்டும் என்பதே என் கருத்து. என் பாட்டிக்கு ஓர் ஊராட்சி கொடுத்ததைத்தான் இங்கே கேட்கிறேன். அதற்கு மேல் அன்று.

நம்மில் கணினி பயில்வோர் பலர், நாளை இந்தக் கடைகளுக்குச் செயலி எழுதப் போகிறவர்கள். சிலர் அந்தப் பெருநிறுவனங்களிலேயே வேலைக்கு அமரவும் கூடும். அங்கே அமர்ந்து, “விதிகளுக்கு மாறானது” என்ற மடலை அமைக்கும் வேலை அவர்கள் கைக்கு வந்தால், எந்த விதி என்ற ஒரு வரியையும் சேர்த்து எழுதுவார்களாக.

எங்கள் சொற்பட்டியல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. கடையில் செயலியாக ஒன்று. எவரும் திறக்கத்தக்க எளிய இணையப்பக்கமாக ஒன்று. மன்ற அறையில் கயிற்றில் கட்டித் தொங்கும் அச்சுப்படி ஒன்று. பதினோரு நாள் பட்டறிவு கற்பித்த பாடம் அது. இயற்பியல், வேதியியல், கணிதச் சொற்கள் சேர்ந்துவிட்டன. உயிரியல் சொற்கள் மிகக் குறைவு. அத்துறை நண்பர்கள் தாம் முதலாண்டில் தடுமாறிய சொற்களை ஒரு தாளில் எழுதி மன்ற அறைப் பெட்டியில் இடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு ஊரிலிருந்து வரும் தம்பி தங்கையர்க்கு அவை உதவும்.